கையெழுத்தோடு திரும்பி வரும் அட்டை

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் அடிக்கடி மனுப் போடுகிறவர்களின் கோப்பைத் திறந்தால், மனுவின் நகல், அஞ்சலக ரசீது, ஒப்புகை அட்டை மூன்றும் ஒன்றாகப் பின் அடித்திருக்கும். மூன்றில் அவர்கள் அதிகம் பத்திரப்படுத்துவது அட்டையைத்தான். 2005-ஆம் ஆண்டின் அந்தச் சட்டம் பொதுத் தகவல் அலுவலருக்கு 30 நாள் கெடு வைக்கிறது. மனு எழுதிய நாளோ தபாலில் சேர்த்த நாளோ அதற்குக் கணக்கில்லை. அலுவலகத்துக்கு வந்து சேர்ந்த நாளிலிருந்துதான் கெடு ஓடத் தொடங்கும். அது எந்த நாள் என்று மனுதாரருக்குச் சொல்வது, தபால் பிரிவு எழுத்தர் அட்டையில் குத்திய ரப்பர் முத்திரையும் அதன் கீழே போட்ட தேதியும்தான். "அப்படி ஒரு மனுவே வரலையே" என்று யாரும் கைவிரிக்க முடியாதபடி செய்துவிடுகிறது அந்த முத்திரை.

பதிவுத் தபாலோடு இணைத்து அனுப்பும் இந்த அட்டை மிக எளிமையானது. ஒரு பக்கம் அனுப்புகிறவர் தன் முகவரியையே எழுதிக்கொள்ள வேண்டும். மறுபக்கம் யாருக்கு அனுப்பினார், பதிவு எண் என்ன, பெற்ற தேதி எது, பெற்றவர் கையெழுத்து என்று நாலைந்து வரிகள். உறையின் பின்னால் பசை தடவியோ ஸ்டேப்ளர் அடித்தோ அதைச் சேர்த்துவிடுவார்கள். தபால்காரர் வீட்டு வாசலில் கையெழுத்து வாங்கி, அட்டையை மட்டும் கழற்றி எடுத்துக்கொண்டு, உறையைக் கொடுத்துவிட்டுப் போவார். கடிதம் எண் போட்டு, கை மாறும் இடங்களில் பதிவாகி, பாதுகாப்பாகப் போய்ச் சேர்ந்தது. அதற்குச் சாட்சியான அட்டைக்கு அந்தப் பாதுகாப்பு எதுவும் இல்லை. தனி எண்கூட இல்லாமல், சாதாரணத் தபாலோடு தபாலாகத் திரும்பி வருகிறது. "லெட்டர் போய்ச் சேர்ந்துடுச்சு, கார்டுதான் இன்னும் வரலை" என்று வக்கீல் அலுவலகங்களில் அடிக்கடி கேட்கும் பேச்சுக்கு இதுதான் மூலம்.

ஊர்ப்புறத்தில் ரிஜிஸ்டர் தபால் என்றாலே வீட்டில் ஒரு கலக்கம் வரும். வேலைக்கான உத்தரவும் அதில்தான் வந்தது. நகைக் கடன் ஏல நோட்டீஸும் அதில்தான் வந்தது. "யார் அனுப்பியிருக்காங்க, கோர்ட்டா பேங்க்கா?" என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுகிறவர்கள் உண்டு. அனுப்பியவர் பெயரைப் பார்த்ததும் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்கிறவர்களும் உண்டு. வாங்காமல் விட்டால் வழக்கு வராது என்ற நம்பிக்கை பலரிடம் இன்றும் இருக்கிறது. சட்டம் இதில் வேறு மாதிரி நினைக்கிறது. அதைப் பின்னால் பார்க்கலாம்.

கடிதத்தைப் பதிவு செய்து அனுப்பும் ஏற்பாடு, சான்றுக்காகத் தொடங்கியதல்ல. திருட்டுக்குப் பயந்து தொடங்கியது. பிரிட்டனில் 1840-ல் ஒரு பென்னிக்குக் கடிதம் அனுப்பும் முறை வந்தது. மறு ஆண்டு ஜனவரியில், உறைக்குள் காசு வைத்து அனுப்புகிறவர்களுக்காகப் பதிவுக் கடிதம் வந்தது. கட்டணம் ஒரு ஷில்லிங், அதாவது 12 பென்னி. கடிதக் கூலியைப் போலப் பன்னிரண்டு மடங்கு கொடுத்தார்கள் என்றால், வழியில் காசு காணாமல் போவது எவ்வளவு பெரிய கவலையாக இருந்திருக்க வேண்டும்! அமெரிக்காவில் இந்த முறை 1855-ல் வந்தது. அங்கே பதிவுத் தபாலின்மேல் வைத்த நம்பிக்கைக்குப் பெயர்போன உதாரணம் ஹோப் வைரம். 45 காரட்டுக்கு மேல் எடையுள்ள அந்த நீல வைரத்தை, 1958 நவம்பரில் நியூயார்க்கின் நகை வணிகர் ஹாரி வின்ஸ்டன் வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குக் காவல் வண்டி எதுவும் வைக்காமல் பதிவுத் தபாலில்தான் அனுப்பினார். மொத்தச் செலவு 145 டாலர் 29 சென்ட். அதில் பெரும்பகுதி காப்பீட்டுக்குப் போனது.

காலப்போக்கில் வேறொரு தேவை முன்னால் வந்தது. உறைக்குள் வைரமும் இல்லை, பணமும் இல்லை. ஒரு தாள்தான் இருக்கிறது. அது தொலைந்தால் இன்னொரு பிரதி எடுத்துக்கொள்ளலாம். ஆனால் எதிராளி கையில் அது கிடைத்தது என்பதை நிரூபித்தாக வேண்டும். இதற்காகப் பூட்டிய பைகளும் ஒவ்வொரு கை மாற்றத்துக்கும் கையெழுத்தும் வீண் செலவு. அமெரிக்கா 1955-ல் சான்றுத் தபால் என்று தனியாக ஒன்றைத் தொடங்கியது. அந்தக் கடிதம் சாதாரணக் கடிதங்களோடு பயணம் செய்யும். கடைசியில் மட்டும் கையெழுத்து. பெற்றவர் கையெழுத்தோடு திரும்பி வரும் பச்சை அட்டை அங்கே எல்லோருக்கும் தெரிந்த பொருள். பிரிட்டன் 1961-ல் இதேபோல ஒரு சேவையைப் பிரித்து வைத்தது. இந்தியாவில் மட்டும் பாதுகாப்புக்கும் சான்றுக்கும் ஒரே பதிவுத் தபால்தான் நெடுங்காலம் வேலை செய்தது.

சான்று மட்டும் போதும் என்றவர்களுக்கு இங்கேயும் மலிவான ஒரு வழி இருந்தது. யு.பி.சி. என்று அழைக்கப்பட்ட அஞ்சலிட்டதற்கான சான்றிதழ். ஒரு தாளில் முகவரிகளை எழுதி, சிறு தொகைக்கு ஸ்டாம்ப் ஒட்டிக் கொடுத்தால் அஞ்சலகத்தில் தேதி முத்திரை குத்தித் தருவார்கள். கடிதத்தைக் கொடுத்தோம் என்பதற்கு அது சாட்சி. போய்ச் சேர்ந்ததா என்பதற்கு இல்லை. வழக்குகளில் இந்த முத்திரையின் நம்பகத்தன்மை திரும்பத் திரும்பக் கேள்விக்கு உள்ளானது. 2011-ல் அஞ்சல் துறை அதை நிறுத்திவிட்டது.

பதிவுத் தபாலின் முதுகெலும்பு அதன் எண். ரசீதில் அச்சாகும் 13 இடங்களைக் கொண்ட அந்த எண் உலக அஞ்சல் ஒன்றியம் வகுத்த வடிவம். முதலில் இரண்டு ஆங்கில எழுத்துகள், நடுவில் ஒன்பது இலக்கங்கள், கடைசியில் நாட்டைக் குறிக்கும் இரண்டு எழுத்துகள், இந்தியாவுக்கு 'ஐஎன்'. முதல் எழுத்து 'ஆர்' என்றால் பதிவுத் தபால், 'இ' என்றால் விரைவுத் தபால். ஒன்பது இலக்கங்களில் எட்டுதான் உண்மையான வரிசை எண். ஒன்பதாவது, தவறைப் பிடிக்க வைத்திருக்கும் காவல் இலக்கம். அதைக் கையாலேயே கணக்கிட்டுப் பார்க்கலாம். வரிசை எண் 12345678 என்று வைத்துக்கொள்வோம். அதன் இலக்கங்களை முறையே 8, 6, 4, 2, 3, 5, 9, 7 என்பவற்றால் பெருக்கிக் கூட்டினால் 204 வரும். அதை 11-ஆல் வகுத்தால் மீதி 6. பதினொன்றிலிருந்து ஆறு போனால் 5. ஆகவே முழு எண் 123456785. யாராவது ஒரு இலக்கத்தை மாற்றித் தட்டச்சு செய்தாலோ, பக்கத்துப் பக்கத்து இலக்கங்களை இடம் மாற்றிவிட்டாலோ பெரும்பாலும் கணக்கு இடிக்கும், கணினி ஏற்காது.

இனி, வாங்க மறுத்தவரின் கதை.

ஒரு கடிதத்தைச் சரியான முகவரி எழுதி, உரிய ஸ்டாம்ப் ஒட்டி, பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டால், வழக்கமாகத் தபால் போய்ச் சேரும் நேரத்தில் அது சேர்ந்துவிட்டதாகவே கொள்ள வேண்டும் என்கிறது 1897-ஆம் ஆண்டின் பொது விதிகள் சட்டம், 27-ஆம் பிரிவு. வரவில்லை என்கிறவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். இதோடு இன்னொரு விதியும் கைகோத்து நிற்கிறது. அரசு அலுவலகங்களும் அஞ்சலகமும் வழக்கமான முறைப்படியே வேலை செய்திருக்கும் என்று நீதிமன்றம் ஊகித்துக்கொள்ளலாம் என்பது பழைய சாட்சியச் சட்டத்தின் 114-ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாட்சிய அதிநியமத்தில் அதுவே 119-ஆம் பிரிவு.

இந்த இரண்டும் சேர்ந்து தபால்காரரின் பேனாவுக்குப் பெரிய கனத்தைக் கொடுத்துவிடுகின்றன. 'வாங்க மறுத்துவிட்டார்' என்று உறையின் மேல் அவர் எழுதிக் கையெழுத்திட்டுத் தேதி போட்டுவிட்டால், வீட்டுக்காரர் கதவைச் சாத்திக்கொண்டதால் எந்தப் பயனும் இல்லை. 1981-ல் ஒரு வாடகை வழக்கில் இந்தக் கேள்வி உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தது. பதிவுத் தபாலில் வந்த நோட்டீஸை வாடகைதாரர் வாங்கவில்லை. வாங்க மறுத்தவருக்கு நோட்டீஸ் சேர்ந்ததாகவே கொள்ள வேண்டும். அதுமட்டுமல்ல, உள்ளே எழுதியிருந்ததும் அவருக்குத் தெரியும் என்றே கொள்ள வேண்டும் என்றது தீர்ப்பு.

மறுத்தல் நேரடியானது. ஆள் இல்லை, கதவு பூட்டியிருக்கிறது என்றால்? அப்போது தபால்காரர் தகவல் சீட்டு வைத்துவிட்டு, தபாலை அஞ்சலகத்தில் ஏழு நாள் வைத்திருப்பார். வந்து வாங்கிக்கொள்ளாவிட்டால் 'பெற்றுக்கொள்ளப்படவில்லை' என்ற குறிப்போடு அனுப்பியவருக்கே திரும்பும். காசோலை வழக்குகளில் இது அன்றாடம் நடக்கிறது. 1999-ல் உச்ச நீதிமன்றம் இதற்கும் பதில் சொன்னது. அப்படித் திரும்பிய நோட்டீஸும் சேர்ந்ததாகவே கருதப்படும். தன் தவறு எதுவும் இல்லாமல்தான் அது கைக்கு வரவில்லை என்று காட்ட வேண்டியது காசோலை கொடுத்தவரின் பொறுப்பு.

காசோலை விவகாரத்தில் நாள் கணக்கு மிகக் கறாரானது. காசோலை திரும்பிய தகவல் வங்கியிலிருந்து கிடைத்த 30 நாளுக்குள் எழுத்துமூலமான நோட்டீஸ் கொடுக்க வேண்டும். நோட்டீஸ் கிடைத்த 15 நாளுக்குள் எதிராளி பணம் கட்டலாம். கட்டாவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் நீதிமன்றத்தில் புகார். அந்தப் பதினைந்து நாள் எங்கிருந்து தொடங்குகிறது என்பதை ஒப்புகை அட்டையின் தேதி தீர்மானிக்கிறது. அவசரப்பட்டு முன்கூட்டியே போனாலும் சிக்கல், தாமதித்துப் போனாலும் சிக்கல். நேர்மையாகவே நோட்டீஸ் கைக்கு வராதவர்களையும் நீதிமன்றம் மறக்கவில்லை. 2007-ல் மூன்று நீதிபதிகள் அமர்வு அவர்களுக்கு ஒரு வாசலைத் திறந்து வைத்தது. நீதிமன்றச் சம்மன் கிடைத்த 15 நாளுக்குள் காசோலைத் தொகையைக் கட்டிவிட்டால் போதும். கட்டாதவர், நோட்டீஸே வரவில்லை என்று பிறகு வாதாட முடியாது. நியாயமான தீர்ப்பு அது. கடன் கொடுத்து ஏமாந்தவரையும் அது கைவிடவில்லை. ஊர் மாறிப் போயிருந்ததால் தபால் கிடைக்காதவரையும் தண்டிக்கவில்லை.

ஆனால் இத்தனை ஊகங்களும் 'சரியான முகவரி' என்ற ஒரு ஆணியில் தொங்குகின்றன. சென்னையில் பழைய எண், புதிய எண் என்று ஒரே வீட்டுக்கு இரண்டு கதவு எண்கள் இருக்கும். அதில் ஒன்று விடுபட்டாலே எதிர்த் தரப்பு வக்கீலுக்கு ஒரு வாதம் கிடைத்துவிடும். அதனால்தான் அனுபவமுள்ள வக்கீல்கள் வீடு, கடை, வங்கிக் கணக்கில் கொடுத்த முகவரி என்று தெரிந்த எல்லா இடத்துக்கும் தனித்தனியே நோட்டீஸ் அனுப்பிவிடுகிறார்கள்.

ஒப்புகை அட்டையால் நிரூபிக்க முடியாத விஷயம் ஒன்று உண்டு. உறை போய்ச் சேர்ந்தது என்பதற்கு அது சாட்சி. உறைக்குள் என்ன இருந்தது என்பதற்கு இல்லை. "உறை வந்தது, உள்ளே வெள்ளைத் தாள்தான் இருந்தது" என்று சாதிக்கிறவர்களைச் சமாளிக்க மக்கள் தாமாகவே சில வழிகளைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். உறையே இல்லாமல் இன்லாண்டு லெட்டரில் எழுதி அதையே ரிஜிஸ்டர் செய்வது ஒன்று. எழுதிய தாளும் முகவரித் தாளும் ஒன்றாக இருப்பதால் வெள்ளைத் தாள் வாதம் எடுபடாது. ஒப்புகை அட்டையின் ஓரத்தில் 'இன்ன தேதியிட்ட நோட்டீஸ், இன்ன எண் காசோலை தொடர்பாக' என்று பொடி எழுத்தில் எழுதிவிடுவது இன்னொன்று. பெறுகிறவர் கையெழுத்து அந்த வரிக்குக் கீழேயே விழும்.

ஜப்பானில் இந்தத் தந்திரங்களுக்குத் தேவை இல்லை. அங்கே 'நைய்யோ ஷோமெய்' என்று ஒரு தபால் சேவை இருக்கிறது. கடிதத்தை ஒரே மாதிரி மூன்று பிரதிகள் எடுத்து, உறையை ஒட்டாமல் அஞ்சலகத்துக்குக் கொண்டுபோக வேண்டும். ஊழியர் மூன்றையும் ஒப்பிட்டுப் பார்த்து, எழுத்துக்கு எழுத்து ஒன்றுதான் என்று உறுதி செய்து முத்திரையிடுவார். ஒரு பிரதி பெறுகிறவருக்கு, ஒன்று அனுப்புகிறவருக்கு, மூன்றாவது அஞ்சலகத்திலேயே ஐந்தாண்டுகள் இருக்கும். ஒப்பிட வசதியாக எழுதும் முறைக்கே விதி உண்டு. மேலிருந்து கீழாக எழுதினால் வரிக்கு 20 எழுத்துக்கு மேல் கூடாது, பக்கத்துக்கு 26 வரிக்கு மேல் கூடாது. கடனைத் திருப்பிக் கேட்பதும், ஒப்பந்தத்தை முறிப்பதும், வாடகைப் பாக்கியைக் கேட்பதும் அங்கே இந்தத் தபாலில்தான் நடக்கின்றன. கொரியாவிலும் தைவானிலும் இதைப் போன்ற முறை இருக்கிறது. வக்கீல் வைத்து நோட்டீஸ் அனுப்ப வசதியில்லாத ஒரு கூலித் தொழிலாளி, தன் சம்பளப் பாக்கியைக் கேட்டு எழுதிய கடிதத்துக்கு அரசு முத்திரையே சாட்சியாக நிற்கும் என்றால், அவருக்கு அது எத்தனை பெரிய பலம்! ஒன்றரை லட்சத்துக்கு மேல் அஞ்சலகங்கள் உள்ள இந்தியாவில் இப்படி ஒரு சேவையைத் தொடங்காமல் இருப்பதற்கு நல்ல காரணம் எதுவும் இல்லை.

தொடங்குவதற்கு மாறாக, இருந்ததும் உருமாறிவிட்டது. 2025 செப்டம்பர் 1 முதல் பதிவுத் தபால் தனிச் சேவையாக இல்லை. 1986-ல் தொடங்கிய விரைவுத் தபாலோடு அது இணைக்கப்பட்டுவிட்டது. காரணம் இல்லாமல் இல்லை. 2011-12-ல் 24.44 கோடியாக இருந்த பதிவுத் தபால்களின் எண்ணிக்கை 2019-20-ல் 18.46 கோடியாகக் குறைந்திருந்தது. இரண்டு சேவைகளுக்கும் தனித்தனிப் பைகள், தனித்தனிப் பிரிப்பு என்று வேலை இரட்டிப்பாவதைத் தவிர்க்கத் துறை விரும்பியது. கடிதம் முன்பைவிட வேகமாகப் போகும் என்பதும் உண்மை.

பாதிப்பு கட்டணத்தில்தான். முன்பு 20 கிராம் கடிதத்தை நாட்டின் எந்த மூலைக்கும் பதிவு செய்து அனுப்ப வரியோடு 25 ரூபாய் 96 காசு ஆனது. 2025 அக்டோபர் 1 முதல் 50 கிராம் வரையிலான விரைவுத் தபாலுக்கு உள்ளூரில் 19 ரூபாய், வெளியூருக்கு 47 ரூபாய். உரியவர் கையில் அல்லது அவர் அதிகாரம் கொடுத்தவர் கையில் மட்டுமே தரும் 'பதிவு' வசதிக்குக் கூடுதலாக 5 ரூபாய். இவற்றின் மேல் ஜிஎஸ்டி. திருநெல்வேலியிலிருந்து சென்னைத் தலைமைச் செயலகத்துக்கு ஒரு தாள் மனுவைப் பதிவோடு அனுப்ப இப்போது 61 ரூபாய்க்கு மேல் ஆகும், ஒப்புகை தனி. நகரத்தில் சம்பளம் வாங்குகிறவருக்கு இது பெரிய தொகை இல்லை. முதியோர் உதவித்தொகைக்கும் பட்டாவுக்கும் மாதக்கணக்கில் மனுப் போட்டு அலைகிறவருக்குப் பெரிய தொகைதான். மனுப் பெறும் அலுவலகம் அரசுடையது, கொண்டு சேர்க்கும் துறையும் அரசுடையது. அரசுக்கு எழுதும் மனுக்களுக்காவது பழைய கட்டணத்தை வைத்திருக்கலாம்.

புதிய ஏற்பாட்டில் ஓடிபி சொன்னால் மட்டும் தபாலைக் கொடுக்கும் வசதியும் 5 ரூபாய்க்குக் கிடைக்கிறது. வங்கி அட்டை, அசல் சான்றிதழ் போன்றவற்றுக்கு அது பொருத்தமானது. வேறு யார் கைக்கும் போகாது. வழக்கு நோட்டீஸுக்கு அதைத் தேர்ந்தெடுப்பது யோசனைக்குரியது. வாங்க விருப்பமில்லாதவர் ஓடிபியைச் சொல்லாமல் இருந்துவிட்டால் போதுமே. நோட்டீஸின் பலமே, எதிராளியின் ஒத்துழைப்பு இல்லாமலும் அது சேர்ந்ததாக ஆவதில்தான் இருக்கிறது.

வாட்ஸ்அப் இருக்கும்போது தபால் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. 2018-ல் மும்பை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில், வாட்ஸ்அப்பில் அனுப்பிய நோட்டீஸ் திறக்கப்பட்டதை நீல டிக் குறி காட்டுகிறது என்று ஏற்றுக்கொண்டது. அதே சமயம், விசாரணைக்கு ஆஜராகச் சொல்லும் போலீஸ் நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்பக் கூடாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. நீல டிக் குறியை அணைத்து வைக்கவும் முடியும், எண்ணை மாற்றிவிடவும் முடியும். முகவரி அவ்வளவு சுலபமாக மாறுவதில்லை.

ஆகவே இனி கவுன்டரில் வெறுமனே "ஸ்பீட் போஸ்ட்" என்று சொல்லிவிட்டு வருவது போதாது. 'பதிவு' வேண்டும், ஒப்புகை வேண்டும் என்று இரண்டையும் வாய்விட்டுக் கேட்க வேண்டும். உரிமையியல் வழக்கின் சம்மனுக்கும் காசோலை வழக்கின் சம்மனுக்கும் விரைவுத் தபாலைச் சட்டமே ஏற்கெனவே ஏற்றிருக்கிறது. ஆனால் பொது விதிகள் சட்டத்தின் 27-ஆம் பிரிவு 'பதிவுத் தபால்' என்றே சொல்வதால், ஐந்து ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் ஒரு வாதத்தை எதிராளிக்குத் தருவானேன்? ரசீதை அன்றைக்கே நகல் எடுத்துவிடுவது நல்லது; சில ரசீதுகளில் அச்சு சில மாதங்களில் மங்கிவிடும். அஞ்சல் துறை இணையதளத்தில் எண்ணைக் கொடுத்து, தபால் சேர்ந்த விவரம் வந்ததும் அந்தப் பக்கத்தைத் தாளில் எடுத்து வைக்க வேண்டும். அந்த விவரம் என்றைக்கும் அங்கே இருக்காது. நீதிமன்றத்தில் அதைக் காட்டும்போது மின்னணு ஆவணத்துக்கான, பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 63-ஆம் பிரிவுச் சான்றிதழை வக்கீல் சேர்த்துக் கொடுப்பார். அட்டை திரும்பி வராவிட்டால், அனுப்பிய அஞ்சலகத்திலேயே புகார் எழுதிக் கொடுக்கலாம். இன்ன தேதியில் இன்னாரிடம் கொடுக்கப்பட்டது என்று பட்டுவாடா செய்த அஞ்சலகத்திலிருந்து எழுத்தில் பதில் வரும். அட்டை இல்லாத கோப்பில் அதன் இடத்தில் பின் அடிக்க வேண்டியது அந்தப் பதிலைத்தான்.